பறக்காத போர் விமானம்: டா 183-ஆ, ஷிண்டென் ஜெட்டா?

இரண்டாம் உலகப் போரின் கடைசியில் காகிதத்தோடு நின்றுபோன போர் விமானங்களில், மாடல் செய்ய எனக்குப் பிடித்தவை இரண்டு: ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் டா 183, ஜப்பானின் ஷிண்டென் ஜெட்.

டா 183-க்கு கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) 1/72, 1/48, அதாவது நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு, 48-இல் ஒரு பங்கு என்று இரண்டு அளவிலும் வந்திருக்கிறது. பாகங்கள் குறைவு, ஒட்டுவது சுலபம். தலைவலி மூக்கில்தான். என்ஜினுக்குக் காற்று போகும் வாய் மூக்கு நுனியிலேயே இருக்கிறது, ஆனால் வால்பக்கம் சாயாமல் முன்சக்கரம் தரையில் நிற்க அதே இடத்தில்தான் ஈயமும் வேண்டும், அதனால் தூண்டில் ஈயத்தை நசுக்கி காற்றுக்குழாயைச் சுற்றி கிடைக்கிற சந்தில் எல்லாம் திணிக்கணும். பெயிண்டில் கவலையே இல்லை. ஒரு விமானம்கூட முழுதாகக் கட்டப்படாததால் எந்தப் பச்சை அடித்தாலும் யாரும் தப்பு சொல்ல முடியாது, எனக்கு அதுவே கொஞ்சம் சப்பென்று ஆகிவிடுகிறது.

ஷிண்டென் வேறு கதை. பின்னால் ஆறு இதழ் ப்ரொப்பெல்லர் வைத்த ஷிண்டென் நிஜமாகவே பறந்தது, 1945 ஆகஸ்ட் 3 அன்று ஃபுகுவோகாவில். அதில் ஜெட் என்ஜின் வைக்கும் திட்டம்தான் நிறைவேறவில்லை. ஆக, ப்ரொப்பெல்லர் கிட்டை வாங்கி நாமே மாற்றணும். பக்கவாட்டில் காற்று வாய்கள் ஏற்கெனவே இருப்பதால் முன்பாதியைத் தொடவே வேண்டாம், ஈயத்துக்கும் மூக்கில் தாராளமாக இடம் உண்டு. வாலில் ப்ரொப்பெல்லரைத் தூக்கிவிட்டு, குளிர்விக்கும் மடல்களைப் புட்டியால் மூடி, உப்புத்தாளால் தேய்த்து, சரியான விட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் புகைபோக்கி தயார். தேய்ப்பதில் மட்டும் அவசரப்படக் கூடாது, ப்ரைமர் அடித்ததும் புட்டியின் விளிம்பு பல்லிளிக்கும்.

சுவாரசியம் சக்கரங்களைத் தாங்கும் கால்களில் இருக்கிறது. அவ்வளவு உயரமான கால்கள் வைத்ததே 3.4 மீட்டர் ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்கத்தான் (1/48-இல் அதுவே 7 செ.மீ. வரும்!). அப்படியும் தரையில் ஓட்டிப் பார்த்தபோது மூக்கு தூக்கி இதழ்கள் தரையில் பட, இரண்டு வால் துடுப்புகளின் அடியிலும் குட்டிச் சக்கரம் மாட்டினார்கள். ஜெட்டில் ப்ரொப்பெல்லரே கிடையாது, அப்போது கால் எதற்கு அவ்வளவு உயரம்?

முதல் மாடல் என்றால் டா 183 எடுங்கள். ரம்பமும் புட்டியும் கைக்குப் பழகியிருந்தால் ஷிண்டென்தான், அதுவும் 1/48. நான் செய்தால் குட்டிச் சக்கரங்களை மட்டும் வெட்டிவிட்டு உயரக் கால்களை அப்படியே விட்டுவிடுவேன், போர் அவசரத்தில் அதை மாற்ற அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.