நெட்லோகோவின் ஓநாய்–ஆடு மாதிரி: என் மதிப்பீடு

கொன்றுண்ணியும் இரையும் எப்படிக் கூடிக் குறைகின்றன என்று கணக்கிடும் லோட்கா–வோல்ட்டெரா சமன்பாடுகளில் வெறும் எண்ணிக்கைதான். எந்த ஆடு எங்கே நிற்கிறது என்ற பேச்சே கிடையாது. இலவச மென்பொருளான நெட்லோகோ அந்த இடத்தைத் திரையில் காட்டுகிறது. இதிலுள்ள ஓநாய்கள் மோப்பம் பிடிப்பதில்லை, சும்மா திரிகின்றன. ஆனாலும் ஆடுகள் திட்டுத்திட்டாகப் பெருக, ஓநாய்க் கூட்டம் அங்கே அலையாகப் பரவுகிறது! புல் வளர்ச்சியைக் கணக்கில் சேர்க்கும் அமைப்பை அணைத்துவிட்டால், பெரும்பாலும் ஏதோ ஓர் இனம் அழிந்து கதை சீக்கிரம் முடிந்துவிடும். புல் வளர்ந்தால் இரண்டின் எண்ணிக்கையும் ஏறி இறங்கியபடி நீடிக்கும்.

ஒரு குறை. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் விளக்கிய வகைக் கோலம் (புள்ளி, வரி போலத் தானாகவே உருவாகும் வடிவம்) வர, பொதுவாகக் கொன்றுண்ணி இரையைவிட வேகமாகப் பரவ வேண்டும். இங்கே இரண்டுக்கும் ஒரே நடை, மாற்ற ஸ்லைடரும் இல்லை. சரி, நிரல் திறந்தே இருக்கிறது, ஓநாயின் அடியை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். தோற்றம் கொஞ்சம் பழசு. ஐந்துக்கு நான்கு.