அச்சில் வந்த அட்வென்ச்சர்களை ஆறு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் மேசை விளையாட்டு. அதில் ஆறு வருடமாக ஒரே குழுவுக்கு டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, உட்கார்ந்திருக்கிறேன். சொந்தமாகக் கதை எழுத நேரம் கிடைக்காததால் எல்லாமே அச்சில் வந்த அட்வென்ச்சர்கள், அதாவது ஆடத் தயாராக எழுதிய கதைப் புத்தகங்கள்தான். ஆரம்பத்தில் எனக்கிருந்த ஒரே கவலை, சண்டை எத்தனை, பேச்சு எத்தனை என்ற கணக்கு. நான்கு மணி நேர செஷனில் இரண்டு சண்டை வந்தாலே பாதிக்கு மேல் போய்விடும். இரண்டு பேர் குஷியாகப் பகடை உருட்டுவார்கள். ஒருத்தர் போனை நோண்டிக்கொண்டிருப்பார். சண்டையைக் குறைத்துப் பார்த்தேன். அவர் போனை வைக்கவில்லை, பகடை உருட்டியவர்களும் கொட்டாவி விட்டார்கள்.

2014 டிஎம் கையேட்டில், ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களைக் குழு தாங்கும் என்று இருக்கிறது. அது கதாபாத்திரத்தின் ஒரு நாள். மேசையில் அதற்கு மூன்று, நான்கு செஷன் ஆகும். இது புரியவே எனக்குச் சில மாதங்கள் பிடித்தது.

நாங்கள் தொடங்கியது அதே ஆண்டு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்டில் (தொடக்கப் பெட்டி) உள்ள 'லாஸ்ட் மைன் ஆஃப் பேன்டெல்வர்' அட்வென்ச்சர். (இனி விளையாடப்போகிறவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.) தலைக்குப் பத்து தங்கக் காசு கூலி, ஒரு வண்டியைப் பக்கத்து ஊரில் சேர்க்க வேண்டும். வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும், புதரில் நான்கு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்). பெட்டியோடு வந்த ஐந்து கேரக்டர் ஷீட்டுகளை (தயாராக உள்ள கதாபாத்திரங்களின் விவரத் தாள்கள்) ஒதுக்கிவிட்டு நாங்களே ஆட்களை உருவாக்கினோம். கோப்ளின்களை வெட்டினோம், ஊர் சேர்ந்தோம், கூலி வாங்கினோம். அதற்குமேல் அந்த ஊரில் யாரிடமும் பேச ஒருவருக்கும் காரணம் இல்லை. பாதியில் நின்றுபோனது.

ஒரு வருடம் கழித்து அதே குழு, அதே பெட்டி, இந்த முறை அந்த ஷீட்டுகளோடு. கூலி கொடுத்த ஆளுக்கு உறவினர், அந்த ஷீட்டுகளில் வரும் குள்ளர் கிளெரிக் (மதகுரு). வில் வைத்திருக்கும் வீரனுக்கு, பாழடைந்த ஓர் ஊரிலிருந்து டிராகனைத் துரத்துவது லட்சியம். கிளெரிக்கை எடுத்தவர் நம் போன்காரர். செத்த குதிரைகளில் ஒன்று தன் உறவினருடையது என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று கோப்ளின் விழுந்தபின், "கடைசி ஆளை யாரும் தொடாதீங்க, எனக்கு அவன் உயிரோட வேணும்" என்றார். பிறகு இருபது நிமிடம் விசாரணை. புத்தகத்தில் ஒரு வரிகூட நான் மாற்றவில்லை.

அன்றைக்குத்தான் கணக்கைக் கைவிட்டேன். ஆளுக்கு ஒரு காரணம் இருந்தால் எங்கே வெட்டுவது, எங்கே பேசுவது என்று அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

விதிகளும் இதில் கை வைக்கின்றன. ஒரு கோப்ளினைக் கொன்றால் 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), இரண்டாம் லெவலுக்கு 300 வேண்டும். அப்படியிருக்க யார் பேசுவார்கள்? இப்போது கதையில் ஒரு கட்டம் முடிந்தால் லெவல் ஏற்றுகிறேன். எழுபதுகளின் ஆட்டத்தில் எக்ஸ்பியின் பெரும்பகுதி தங்கத்திலிருந்து வந்தது, அதனால் சண்டையைத் தவிர்த்துத் திருடுவதுதான் கெட்டிக்காரத்தனம். இதே விளையாட்டின் 1981 பேசிக் விதிகளிலிருந்து, எதிரிகளின் மன உறுதியைப் பார்க்கும் மொரால் சோதனையையும் எடுத்துக்கொண்டேன். எதிரிகளில் முதல் ஆள் சாகும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கோப்ளினுக்கு மொரால் 7, பகடைகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் ஓடும் அல்லது சரணடையும். முடிவு தெரிந்த சண்டையை அரை மணி நேரம் இழுக்கும் தொல்லை போயிற்று. சரணடைந்தவனிடம் பேசியே ஆக வேண்டும் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம் ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன், பெயர் வேண்டாம். முதல் அத்தியாயத்தில் அருமையான தூண்டில். நான்காம் அத்தியாயத்தில் வீரர்கள் வடக்கே போவார்கள் என்று எழுதியிருக்கிறது, ஏன் போவார்கள் என்று எங்கும் இல்லை. இப்போதெல்லாம் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முன்னால், "உன் ஆளுக்கு அங்கே என்ன வேலை?" என்று எல்லோரிடமும் கேட்கிறேன். ஒருவர், காணாமல்போன தன் குருவைத் தேடுவதாகச் சொன்னார். புத்தகத்தில் வரும் பெயரில்லாத கைதி ஒருவனை அந்தக் குருவாக்கினேன். பத்து நிமிட வேலை.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. என் குழுவில் ஒருவரிடம் எப்போது கேட்டாலும், "அங்கே அடிக்க யாராவது இருக்காங்களா?" என்பார். அவருக்கு ஒரு பூதத்தைத் தனியாக எடுத்துவைத்துவிடுகிறேன்.