கேஸ் அடுப்பா இண்டக்‌ஷனா? சிங்கப்பூர்ல எங்க நாலறை வீட்டு பஞ்சாயத்து

அடுப்படிய இடிச்சு கட்டும்போது ஆரம்பிச்ச சண்டை இது. வீட்டுக்காரிக்கு முழுசா கரண்ட்ல ஓடுற இண்டக்‌ஷன் வேணும், ஒரு துணி போட்டு துடைச்சா வேலை முடிஞ்சுதாம். அம்மாவோ "தீயே கண்ணுல படாம என்னடா சமையல்"னு மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டாங்க. நடுவுல மாட்டுனவன் நான், சரி கணக்கு போட்டு பாப்போம்னு பில்ல எடுத்தேன்.

ரெண்டுக்கும் ஒரே யூனிட்ல (kWh) தான் சார்ஜ். அந்த பில்லுல கரண்ட் யூனிட்டுக்கு சுமார் 30 காசு (சென்ட்), பைப் கேஸ் 22, 23 காசு, பாத்தா கேஸ் தான் மலிவுன்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா கேஸ் தீயில நூத்துக்கு நாப்பது பங்கு தான் பாத்திரத்துக்குள்ள போகுது, மிச்சமெல்லாம் ஓரமா ஏறி நம்ம மேல தான் அடிக்குது, இண்டக்‌ஷன்ல 85 பங்கு கிட்ட உள்ள போயிடும். ரெண்டு லிட்டர் தண்ணி கொதிக்க கேஸ்ல 9 காசு ஆகுதுன்னா இண்டக்‌ஷன்ல 6 காசு. எங்க வீட்டு சமையலுக்கு மாசத்துல ரெண்டு மூணு காப்பிக்கடை காப்பி காசு மிஞ்சும், அவ்ளோதான், அதுக்காக யாரும் அடுப்ப மாத்த வேணாம். எனக்கு பெருசா பட்டது அந்த வீணாப்போற சூடு தான். ஏசி இல்லாத அடுப்படியில மத்தியானம் மீன் குழம்பு வச்சவங்களுக்கு நான் சொல்லணுமா என்ன.

அடுத்தது பாத்திரம், இதுல தான் நம்மாளுங்க வீடு மாட்டிக்கும். ஃபிரிட்ஜுல ஒட்டுற காந்தத்த எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தோட அடியிலயும் வச்சு பாருங்க, ஒட்டுனா இண்டக்‌ஷனுக்கு ஆகும். எங்க வீட்டுல அலுமினிய இட்லி பானை அவுட், மண் சட்டி அவுட், தேக்கா சந்தையில வாங்குன குழிக் கடாயும் அவுட். இரும்பு தோசைக்கல் ஒட்டுச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டோம், ஆனா கல்லு பெருசு, அடியில சூடாக்குற கம்பிச்சுருள் சின்னது, நடுவுல முறுகலா வந்து ஓரம் வெள்ளையா நிக்குது. அஞ்சு நிமிஷம் சின்ன சூட்டுல காய விட்டு அப்புறம் ஊத்துனா கொஞ்சம் சரியாகுது. தாளிப்பு கரண்டிய வச்சா அடுப்பு அத பாத்திரம்னே ஒத்துக்காம பீப் பீப்னு கத்துது. அப்பளம் சுட, கத்திரிக்காய் சுட தீ இல்லாம முடியாது.

பழைய வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்காரங்க வயரிங்க முதல்ல பாக்கணும். சாதா 13 ஆம்பியர் பிளக்ல மாட்டுற ஒத்தை அடுப்புன்னா கவலை இல்ல. மேடையில பதிக்கிற ரெண்டு மூணு அடுப்பு செட்டுக்கு நிறைய மாடல்ல தனி லைன் கேக்கும், மெயின் சுவிட்ச் தாங்குமான்னு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் தான் சொல்லணும். எங்ககிட்ட முதல்ல வந்த ஆளு போர்ட திறந்துகூட பாக்காம "ஓகே ஓகே"ன்னாரு, ஏசி ஓட, ஹீட்டர் ஓட, அடுப்பும் ஓட ஒரு நாள் ராத்திரி மொத்த வீடும் இருட்டாயிடுச்சு. அதுக்கப்புறம் வேற ஆள வச்சு லைன் இழுத்தோம்.

சுடுதண்ணி கதை வேற, அடுப்பு கணக்க இங்க போடாதீங்க. கேஸ் ஹீட்டர் சூட்டுல பெரும்பங்கு தண்ணிக்கே போயிடுது, அதனால சாதா கரண்ட் ஹீட்டருக்கு மாறுனா செலவு குறையாது, ஒரு காசு ரெண்டு காசு கூடவே ஆகலாம். குறையணும்னா ஹீட் பம்ப் தான், காத்துல இருக்கிற சூட்ட இழுத்து தண்ணிக்கு குடுக்கிறதால மூணுல ஒரு பங்கு கரண்ட் போதும், ஆனா விலையும் ஜாஸ்தி, தண்ணி டேங்குக்கு இடமும் வேணும், எங்க பாத்ரூம்ல வாளி வைக்கவே இடமில்ல. துணி காய வைக்கிற கேஸ் டிரையரும் இங்க விக்கிறாங்க, எங்களுக்கு மூங்கில் கழி இருக்கு, விடுங்க.

சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, சிங்கப்பூர் கரண்ட்ல நூத்துக்கு 95 பங்கு கிட்ட இயற்கை எரிவாயு எரிச்சு தான் வருது. பைப்ல வர்ற கேஸும் செனோக்கோ கேஸ் ஆலையில அதே எரிவாயுவ வச்சு தான் தயாராகுது. அந்த வகையில இப்போதைக்கு பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டுக்குள்ள புகை கம்மிங்கிறது மட்டும் நிஜம், சின்ன புள்ளைங்க இருக்கிற வீட்டுல அது எனக்கு பெருசா தெரியுது.

கடைசியில ரெண்டு இண்டக்‌ஷன், ஒரு கேஸ்னு போட்டாச்சு. சோறு, குழம்பு, பால் எல்லாம் இண்டக்‌ஷன்ல, தாளிப்பும் அப்பளமும் கேஸ்ல. அம்மா ஒரு மாசம் அந்தப் பக்கமே போகல, இப்ப பால் காய்ச்ச டைமர் வச்சிட்டு சீரியல் பாக்குறாங்க. பொங்கலன்னிக்கு மட்டும் பித்தளை பானைய கேஸ்ல ஏத்திட்டு என்னைய பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க.