ஊர் அருங்காட்சியகத்தின் பின் அறைக்கு ரீ-ஆர்க்: பயன்படுத்திப் பார்த்த ஒரு தன்னார்வலரின் மதிப்பீடு

ஊர் வரலாற்றுக் கழகம் நடத்துகிறவர்களிடம் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கேட்டால் பார்வையாளர் வரும் முன் அறையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். காட்சியில் இல்லாத பொருள்களெல்லாம் குவிந்திருக்கும் பின் அறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் கழகத்தில் அந்த அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பரீட்சை முடிந்ததும் வருகிற மாணவர்கள் என்று எல்லோரும் தன்னார்வலர்கள்தான். இப்படி ஒரு குழுவுக்கு ரீ-ஆர்க் முறை உதவுமா என்று கேட்டால், உதவும் என்று மனதாரச் சொல்வேன். ஆனால் இரண்டு விஷயங்களை நாமே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரீ-ஆர்க் ஒரு மென்பொருள் அல்ல, வைப்பறையை ஒழுங்குபடுத்தும் வழிமுறை. பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்காக ரோமில் இயங்கும் பன்னாட்டு அமைப்பான ஐக்ரோம், யுனெஸ்கோவுடன் சேர்ந்து இதை உருவாக்கியது. 2011இல் இந்த இரண்டு அமைப்புகளும் நடத்திய உலகளாவிய கணக்கெடுப்பில், வைப்பறைகளில் இருக்கும் பொருள்களில் 60 விழுக்காடு ஆபத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. 10,000 பொருள்கள் வரை வைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகங்களை மனதில் வைத்தே இந்த முறையை வகுத்திருக்கிறார்கள். நான் பயன்படுத்தியது, பண்பாட்டுப் பொருள்களைக் காப்பதற்கான கனடா பாதுகாப்பு நிறுவனத்தோடு இணைந்து ஐக்ரோம் 2017இல் வெளியிட்ட கையேடு. அதோடு வரும் படிவங்களும் சுயமதிப்பீட்டுக் கருவியும் உட்பட எல்லாமே இணையத்தில் இலவசம்.

நல்ல வைப்பறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பத்து அளவுகோல்கள்தான் இதன் உயிர். 'முறையாகப் பராமரிக்க வேண்டும்' என்கிற மாதிரிப் பொதுப்படையான வாசகங்களாக இல்லாமல், பலவும் கையோடு சோதித்துப் பார்க்கக்கூடியவை. எந்தப் பொருளும் நேரடியாகத் தரையில் இருக்கக் கூடாது. எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிய வேண்டும். ஒன்றை எடுக்க இரண்டு பொருள்களுக்கு மேல் நகர்த்த வேண்டியிருக்கக் கூடாது. வைப்பறையில் சேகரிப்புப் பொருள்களைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தோன்றும், ஆனால் தன்னார்வச் சங்கங்களுக்கு இதைப்போல மாற்றம் தருவது வேறில்லை. எங்கள் அறையில் பழைய தட்டச்சுப் பொறிக்கும் கண்ணாடி நெகட்டிவ் பெட்டிகளுக்கும் நடுவே விழா பேனர்கள், மடக்கு நாற்காலிகள், விற்காமல் தேங்கிய கழக மலர்கள், உடைந்த மின்விசிறி எல்லாம் இடம்பிடித்திருந்தன. அதையெல்லாம் வெளியேற்றிய பிறகுதான், இடப்பற்றாக்குறை என்று செயற்குழுவில் வருடக்கணக்காகப் பேசிவந்தது உண்மையில் என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது. புது அலமாரிக்கு நன்கொடை கேட்கும் முன்னால் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள்.

வேலையை இவர்கள் அடுக்கியிருக்கும் வரிசையும் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் நாளே பொருளைத் தொட விடமாட்டார்கள். அறையின் தரைப்படம் வரைய வேண்டும், படம் எடுத்து வைக்க வேண்டும், அப்புறம் நிலைமை அறிக்கை. நிர்வாகம், கட்டடமும் இடமும், பொருள்கள், அலமாரி போன்ற தளவாடங்கள் என்று நான்கு பக்கத்திலிருந்தும் அறையைப் பார்க்கச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் பலவீனமாக இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். செயல்திட்டம் எழுதிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஆர்வத்தோடு வரும் மாணவர்களுக்கு இந்தக் காத்திருப்பு சலிப்பாகத்தான் இருக்கும். அவர்களைத் தரைப்படம் வரையவும் அலமாரிகளை அளக்கவும் விடுங்கள், நாம் செய்வதைவிடச் சுத்தமாகச் செய்து கொடுப்பார்கள்.

நடைமுறையில் நாங்கள் ஒன்றை எங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். வார இறுதியில் மட்டும் கூடுகிற குழு, மொத்த அறையையும் பிரித்துப் போட்டுவிட்டு ஐந்து நாள் பூட்டி வைக்க முடியாது. அதனால் திட்டம் முழு அறைக்கும், வேலை ஒரு நேரத்தில் ஓர் அலமாரிக்கு என்று வைத்துக்கொண்டோம். மாலையில் கிளம்பும்போது வெளியே எடுத்த எல்லாமே ஏதாவது ஒரு தட்டில் ஏறியிருக்க வேண்டும். அந்தத் தட்டின் எண் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும்.

இட எண்ணுக்கு எளிய முறை போதும். அலமாரிக்கு ஓர் எழுத்து, தட்டுக்கு ஓர் எண். 'இ 4' என்றால் இ அலமாரியில் நான்காவது தட்டு. பொருளின் சொந்த எண்ணை அதன்மீது எழுதுவதில்தான் கவனம் வேண்டும். உலோகத்திலும் பீங்கானிலும் அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 பிசினை மெல்லிய பட்டையாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் நிற்கும். பிறகு எடுக்க வேண்டுமென்றாலும் அசிட்டோனிலேயே வந்துவிடும். பிளாஸ்டிக் உடல் கொண்ட பழைய வானொலியிடம் மட்டும் அந்தப் பாட்டிலையே கொண்டுபோகாதீர்கள், அசிட்டோன் பல பிளாஸ்டிக்குகளை உருக்கிவிடும். அதற்கெல்லாம் பருத்தி நூலில் கட்டிய சீட்டுதான். காகிதப் புகைப்படத்துக்கு அழுத்தாமல் எழுதிய மென்மையான பென்சில், அதுவும் பின்பக்க ஓரத்தில்.

மூன்று நிமிடச் சோதனையை நாங்கள் இரண்டு பக்கமும் செய்கிறோம். ஒருவர் பதிவேட்டில் கண்ணை மூடி ஒரு வரியைத் தொடுவார், இன்னொருவர் போய்ப் பொருளை எடுத்துவர வேண்டும். பிறகு தட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து, அதன் வரியைப் பதிவேட்டில் தேட வேண்டும். இரண்டாவதில்தான் உண்மை நிலவரம் தெரியும். எண்ணே இல்லாத பொருள்கள் அப்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

நாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய இரண்டில் ஒன்று இங்கேயிருந்துதான் தொடங்குகிறது. கனடா பாதுகாப்பு நிறுவனம் பொருள்களைச் சிதைக்கும் காரணிகள் பத்து என்கிறது. தீ, நீர், பூச்சி, ஒளி என்று போகும் அந்தப் பட்டியலில் பொருளுக்கும் அதைப் பற்றிய தகவலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவதும் ஒன்று. ஊர் வரலாற்றில் இதைவிடப் பெரிய எதிரி எனக்குத் தெரியவில்லை. மூன்று வரிசையாக மாணவர்கள் நிற்கும் ஒரு பள்ளிக் குழுப்படம் எங்களிடம் இருக்கிறது. அட்டையின் கீழ்ப்பகுதியில் பெயர்கள் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. ரீ-ஆர்க் முறையில் அதற்கு அழகாக ஓர் இடம் கிடைத்துவிட்டது, ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டுவேன். நடு வரிசையில் இருப்பவர் யாரென்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆகவே பொருளுக்கு இடம் தேடும் அதே நாளில் அதன் கதை தெரிந்தவரையும் தேடுங்கள். எங்கள் குழுவில் இப்போது ஒருவர் அடுக்கினால் இன்னொருவர் படத்தின் பிரதியோடு பெரியவர்களின் வீட்டுக்குப் போகிறார். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, பதிவின் எண்ணையும் அதே வரியில் எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது, பொறுப்பாளர். பயிற்சி பெற்ற ஒருவர் வைப்பறைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது பத்து அளவுகோல்களில் ஒன்று. சம்பளத்துக்கு ஆள் இருக்கும் இடத்தில் அது சரி. தன்னார்வச் சங்கத்தில் அந்த ஒருவருக்கு வேலை மாறும், உடம்புக்கு முடியாமல் போகும், ஊரை விட்டே போக நேரும். எப்போதும் இருவரைத் தயார் செய்யுங்கள், அவர்களில் ஒருவராவது இளையவராக இருக்கட்டும். எதை எங்கே வைத்தோம், ஏன் அப்படி வைத்தோம் என்று எழுதிய ஒரு நோட்டு அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

பொருள் வாங்குவது, கடன் கொடுப்பது, தானப் பத்திரம் போன்ற காகித வேலைகளுக்கு பிரிட்டனின் கலெக்ஷன்ஸ் டிரஸ்ட் அமைப்பு வெளியிடும் ஸ்பெக்ட்ரம் என்ற நடைமுறைத் தரநிலை இருக்கிறது. 2022இல் வந்த 5.1 பதிப்பில் 21 நடைமுறைகள், அவற்றில் 9 அடிப்படையானவை. சிறிய சங்கம் அந்த ஒன்பதிலிருந்து தொடங்கினால் போதும். என்னைக் கேட்டால் முதலில் ரீ-ஆர்க், பிறகு ஸ்பெக்ட்ரம். பொருள் எங்கே என்று தெரியாத பதிவேடு எவ்வளவு விரிவாக இருந்தும் பயனில்லை.

கூரை ஒழுகுகிற, சுவரில் ஈரம் ஏறுகிற கட்டடமாக இருந்தால் மட்டும் இதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தரையில் இருப்பதை 10, 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு, முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.