பெட்ரோலியம் ஜெல்லியா, லானோலினா?

குதிகால் வெடிப்புக்கு என்ன பூசலாம் என்று கேட்டால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு வாஸ்லின், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி, போதும். மறு கட்சிக்கு அது கச்சா எண்ணெய்க் கழிவு. செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின்தான் இயற்கையானது, எனவே நல்லது என்பார்கள்.

கழிவு என்ற வசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் பம்புக் கம்பிகளில் படிந்த கரிய மெழுகைத் தொழிலாளர்கள் காயங்களுக்குத் தடவிவந்தார்கள். அதைச் சுத்திகரித்து வாஸ்லினாக்கி 1872-ல் காப்புரிமை பெற்றவர் வேதியியலாளர் ராபர்ட் செஸ்ப்ரோ. சுத்திகரிப்பு அரைகுறையானால் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஹைட்ரோகார்பன்கள் தங்கிவிடலாம். சுத்திகரித்த விவரம் முழுவதும் தெரிந்தால்தான் அழகுப் பொருட்களில் சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருப்பது இதனால்தான். மருந்துத் தரத்தில் வாங்கினால் இந்தக் கவலை வேண்டாம். பெயர் தெரியாத டப்பாவை நான் தொடமாட்டேன்.

லானோலின் மட்டும் தூய்மையாகவா பிறக்கிறது? ரோமத்தை அலசும்போது வரும் பிசுக்கு அது. ஆட்டின் மேல் தெளித்த பூச்சிக்கொல்லியும் கூடவே வரும். அதையும் சுத்திகரித்துத்தான் ஆகவேண்டும்.

வேலை செய்யும் விதத்தில் இரண்டும் வேறு. பெட்ரோலியம் ஜெல்லி தோலின் மேல் மூடிபோல் உட்கார்ந்து ஈரம் ஆவியாவதைத் தடுக்கும். தானாக ஈரம் தராது. குளித்துத் துவட்டியதும் பூசச் சொல்வது அதற்காகத்தான். லானோலின் தன் எடையைவிட அதிகமான நீரைத் தன்னுள் பிடித்துவைக்கும். பாலூட்டும் தாய்மாரின் மார்புக்காம்பு வெடிப்புக்கு நன்கு தூய்மையாக்கிய லானோலினை நான் முதலில் சொல்வேன். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் துடைக்க வேண்டியதில்லை. பிசுபிசுப்பும் லேசான ஆட்டு வாடையும் சிலருக்குப் பிடிக்காது. சைவ உணவுக்காரர்கள் தயங்குவதும் நியாயமே.

தேங்காய் எண்ணெயை ஏன் விட்டுவிட்டாய் என்பீர்கள். கைகால் வறட்சிக்குத் தாராளமாகப் பூசுங்கள். முகப்பரு வரும் முகத்துக்கு மட்டும் வேண்டாம்.

குதிகாலுக்கும் எக்சிமா (அரிப்பு தரும் தோல் அழற்சி) உள்ள தோலுக்கும் என் ஓட்டு பெட்ரோலியம் ஜெல்லிக்கே. லானோலின் ஒவ்வாமை பொதுவாக அரிது என்றாலும், எக்சிமா உள்ளவர்களிடமும் காலில் ஆறாத புண் உள்ளவர்களிடமும் அது கூடுதலாகத் தென்படுகிறது. அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2023-ன் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என அறிவித்ததும் லானோலினைத்தான். அந்த ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கத் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டும் பட்டையில், லானோலினிலிருந்து எடுத்த லானோலின் ஆல்கஹாலைக் கலந்து வைத்திருப்பது பெட்ரோலியம் ஜெல்லியில்.