மீட்டர் முள் ஆடுதா? கேபிளா, பழைய மீட்டரா, போனா?

பழைய மாருதி 800 கார் வைத்திருப்பவர்களுக்கு வேக மீட்டரின் இந்தத் தொல்லை பழக்கமானது. கொட்டகலையில் இருந்து தலவாக்கலைக்கு ஒரே வேகத்தில் போனாலும் முள் 20க்கும் 60க்கும் நடுவில் துள்ளும். விடியற்காலைக் குளிரில் இன்னும் மோசம், வெயில் ஏறினால் கொஞ்சம் அடங்கும். என் காருக்கு இது வந்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கேபிளை மாற்று, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய மீட்டர் ஒன்று எடுத்துப் போடு, அப்படியே விட்டுவிட்டு போனில் ஜீபீஎஸ் வேகம் பார். நான் கேபிளை மாற்றினேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

போனுக்குச் செலவில்லை. நேரான ரோட்டில் காட்டும் வேகமும் நம்பக்கூடியதுதான். ஆனால் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிறோம், எண் ஒரு கணம் பிந்தித்தான் மாறுகிறது. ரம்பொடைச் சுரங்கத்துக்குள் சிக்னலும் இருக்காது. சாமான் வந்து சேரும்வரை ஒப்பேற்ற நல்லது. டாஷ்போர்டில் பொருத்தும் தனி ஜீபீஎஸ் மீட்டரை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

பழைய மீட்டர் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: கோளாறு மீட்டரில்தானா? கியர் பொக்ஸில் உள்ள சின்னப் பல்சக்கரம் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியில் மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்ற, அதன் இழுப்பில் அலுமினியக் கிண்ணமும் முள்ளும் திரும்புகின்றன. முள்ளைத் திருப்பி இழுத்து வைப்பது மெல்லிய சுருள்கம்பி. உள்கம்பி காய்ந்தோ மடிந்தோ இருந்தால் உறைக்குள் சிக்கி முறுக்கேறும், பிறகு சட்டென்று விடுபடும். முள் துள்ளுவது அதனால்தான். குளிரில் பழைய கிரீஸ் இறுகுவதால் நுவரெலியாப் பக்கம் இது அதிகமாகத் தெரியும்.

கேபிளை மீட்டர் பக்கம் கழற்றி உள்கம்பியை உருவி, மேசையில் வைத்து விரலால் உருட்டுங்கள். சீராக உருண்டால் கம்பி நேர். எகிறி எகிறி விழுந்தால் மடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். நேராக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, லேசாகக் கிரீஸ் பூசித் திரும்பப் போட்டாலே பல கார்களில் ஆட்டம் நின்றுவிடும். மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவு கிரீஸ் படவே கூடாது. அது மேலே ஏறி மீட்டருக்குள் போனால் முள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உண்மையிலேயே மீட்டர் தேட வேண்டி வரும். கம்பியும் பல்சக்கரமும் நன்றாக இருந்து, கிலோமீட்டர் எண்ணும் ஒழுங்காக ஏறி, முள் மட்டும் ஆடினால்தான் மீட்டரைச் சந்தேகிக்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது அந்தக் கிலோமீட்டர் எண்தான். போனில் வேகம் பார்க்கலாம், ஆனால் காரில் எண் ஓடாது. கம்பியின் சதுர முனை தேய்ந்து வழுக்கினால் ஓடிய தூரம் குறைவாகவே பதியும். 5,000 கிலோமீட்டருக்கு ஒயில் மாற்றுகிறவர் எதை வைத்து மாற்றுவார்? இன்ஜின் பெல்ட் மாற்றுவதற்கும் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பழைய மீட்டரோ வேறு யாருடைய காரோ ஓடிய தூரத்தைக் கொண்டுவருகிறது. விற்கப் போகும் நாளில் வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த எண்ணை. சர்வீஸ் புத்தகத்தில் ஒன்று, மீட்டரில் வேறொன்று என்றால், நீங்கள் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் எண்ணைக் குறைக்க மீட்டரைச் சுற்றிவிட்டதாகத்தான் நினைப்பார். அந்தச் சந்தேகத்திலேயே விலை இறங்கும். வேறு மொடல் மீட்டர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பான் கார்களின் மீட்டர்கள் பொதுவாகக் கிலோமீட்டருக்குக் கேபிள் 637 சுற்று என்ற கணக்கில் செய்யப்பட்டவை. வேறு கணக்கில் செய்த மீட்டரைப் பூட்டினால் வேகமும் தூரமும் இரண்டுமே பிழைக்கும்.

மீட்டரை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், கழற்றிய அன்று இரண்டு மீட்டர்களின் கிலோமீட்டர் எண்களையும் படம் எடுத்து, திகதியுடன் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, பில்லையும் பழைய மீட்டரையும் பத்திரப்படுத்துங்கள்.

புதுக் கேபிள் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளத்தையும் இரு முனைகளையும் ஒத்துப் பாருங்கள். பூட்டும்போது எந்த இடத்திலும் கூர்மையாக மடங்க விடாதீர்கள். மடங்கிய இடத்தில் புதுக் கம்பியும் சீக்கிரமே சிக்கத் தொடங்கும்.