வருடத்துக்கு ஒரு பெரிய நாளா, வாராவாரம் இரண்டு நிமிஷமா? ஆராதனையில் பிள்ளைகள் பேசுவதும் பாடுவதும்

பிள்ளைகள் ஆராதனையில் பேசட்டும், பாடட்டும் என்பதில் எந்தச் சபையிலும் ஆட்சேபம் கிடையாது. எப்போது, எவ்வளவு நேரம், எப்படி என்று பேச்சு வரும்போதுதான் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். வருடத்தில் ஒரு ஞாயிறை முழுசாகப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம் என்று ஒரு கட்சி. வாராவாரம் ஒரு வசன வாசிப்பு, ஒரு ஜெபம், ஒரு பாட்டு என்று வழக்கமான ஆராதனைக்குள்ளேயே கலந்துவிடலாம் என்று இன்னொரு கட்சி. பிரசங்கம் ஆரம்பித்ததும் பிள்ளைகளைத் தனி வகுப்புக்கு அனுப்பிவிடும் மூன்றாவது வழியும் இருக்கிறது. அதை இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன், ஏனென்றால் அது பாடம் நடத்தும் முறை, பங்கெடுக்கும் முறை இல்லை. 1780-இல் இங்கிலாந்தின் க்ளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோதும், வாரம் முழுக்க வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அவர்களை ஆலயத்துக்கும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள்.

நான் பல வருடம் ஞாயிறு பள்ளியில் இருந்தவன், முதல் இரண்டு வழியையும் செய்து பார்த்திருக்கிறேன். வருடாந்தர நிகழ்ச்சியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் விடுபட மாட்டார்கள். தனியாக நின்றால் வாயே திறக்காத பிள்ளை, முப்பது பேர் நடுவில் நின்றால் பாடிவிடும். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை? இரண்டு மாதம் வேத பாடம் நின்று போய் ஒத்திகை மட்டும் நடக்கும், ஆசிரியர்கள் சிடுசிடுவென்று ஆகிவிடுவார்கள், அந்த நாளில் மேடையிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு அம்மா முகம் தெரியாது, அம்மா தூக்கிப் பிடித்திருக்கும் செல்போன்தான் தெரியும். மீதி 51 ஞாயிறு அதே பிள்ளைகளுக்கு வேலை என்ன என்று கேட்டால், "சத்தம் போடாம உட்காரு" என்பதுதான்.

இதைச் சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில் (மார்மன் சபை என்பார்களே, அது) வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் முழுக் கூட்டத்தின் முன் பேசுவதும் பாடுவதும் நெடுநாள் வழக்கம். அங்கே பாடுகிற பாட்டெல்லாம் வருடம் பூராவும் வகுப்பில் பாடிப் பழகியவை. அதனால் கடைசி நேர அடித்துப்பிடித்தல் குறைவு. பெரிய நாளே வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் சபைகள் இந்த ஒரு விஷயத்தையாவது கடன் வாங்கிக்கொள்ளலாம்.

வாராந்தர முறை ஆரம்பத்தில் அசிங்கமாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. மைக் கீச்சிடும், அது பிள்ளைக்கு எட்டாது, 'நெகேமியா'வில் நாக்கு சிக்கும். நாலைந்து மாதம் போனதும் சபைக்கே அது பழகிவிடும், பெரியவர் ஒருவர் தப்பாக வாசித்தால் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்போமோ அப்படி. கத்தோலிக்கத் திருப்பலியில் பிள்ளை பிரசங்கம் செய்ய இடமில்லை, ஆனால் சிறுவர் பங்கெடுக்கும் திருப்பலிகளுக்காக 1973-இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி, பாடுவது, வாசிப்பது, மன்றாட்டு சொல்வது, மறையுரையில் குருவின் கேள்விக்குப் பதில் சொல்வது என்று பல வேலைகளைப் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்திருக்கிறது. இங்கே உள்ள ஆபத்து வேறு: நன்றாக வாசிக்கிற அதே மூன்று பிள்ளைகள் மாறி மாறி வருவார்கள். பிறந்த மாதப்படி பட்டியல் போட்டு, "இந்த வாரம் வேண்டாம்" என்று சொல்லவும் பிள்ளைக்கு உரிமை கொடுத்தால் இது பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

சரி, எந்த முறையானாலும் பிள்ளை என்ன பேசுவது? பெரியவர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது ஒரு வழி. இது நேற்று வந்த பழக்கமில்லை. இடைக்கால ஐரோப்பாவில் டிசம்பர் 28, ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் நாளில், 'சிறுவர் ஆயர்' என்று ஒரு பையனுக்கு ஆயர் உடை போட்டுப் பிரசங்கமும் செய்யச் சொல்வார்கள். லண்டனில் புனித பவுல் பள்ளியை நிறுவிய ஜான் காலெட், மாணவர்கள் அன்று போய் அந்தப் பிரசங்கத்தைக் கேட்க வேண்டும் என்று பள்ளி விதியிலேயே எழுதி வைத்தார். 1541-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி இந்த வழக்கத்துக்குத் தடை போட்டார். எழுத்தில் மிஞ்சியிருக்கும் அந்தப் பிரசங்கங்கள் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தவை. குரல் பிள்ளையுடையது, வார்த்தை நம்முடையது. ஐந்நூறு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை.

ஒரு முறை எங்கள் பையன் ஒருவன் அழகாக ஆரம்பித்து நாலாவது வரியில் நின்றுவிட்டான். அவன் அம்மா மூன்றாவது பெஞ்சிலிருந்து சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அசைத்துக் காட்டுகிறார், அவன் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான், புரியவில்லை, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்து அதே இடத்தில் மறுபடி நின்றான். அந்த உரையை எழுதிக் கொடுத்தது நான். 'கிருபையின் ஆழம்' என்று எழுதியிருந்தேன், எட்டு வயதுப் பிள்ளைக்கு!

இன்னொரு வழி, நாம் ஒரே ஒரு கேள்வி கேட்பது, பிள்ளை சொல்வதை அதன் வார்த்தையிலேயே நாலைந்து வரியாக எழுதி, தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வது. ஜெபத்தைப் பற்றி இப்படிக் கேட்டபோது ஒரு சிறுமி சொன்னது: "பல் வலிச்சப்போ ஜெபம் பண்ணினேன். வலி போகல. ஆனா தூக்கம் வந்துச்சு." இதை அப்படியே வாசித்தாள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'வலி போகல' என்பதைத் திருத்தச் சொன்ன ஆசிரியர்களும் எங்களுக்குள் இருந்தார்கள், நல்லவேளை திருத்தவில்லை. எனக்கு இந்த வழிதான். வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யட்டும், அது அவர்களோடு தங்கும். தன் பேச்சை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

பாட்டுக்கு வந்தால் முதல் தகராறு டிராக்கா (முன்பே பதிவு செய்த பின்னணி இசை), கீபோர்டா என்பது. டிராக் போட்டால் பளபளப்பாக இருக்கும், ஆள் தேட வேண்டாம். ஆனால் பிள்ளைகள் ஒரு சரணத்தைத் தாவிவிட்டால் டிராக் காத்திருக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சுமாராக வாசிக்கிற ஒரு அக்கா கீபோர்டில் உட்கார்ந்திருந்தால் போதும், பிள்ளை மூச்சு வாங்கினால் அவரும் நிற்பார். டிராக்கில் இன்னொரு சங்கடம் சுருதி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு கீபோர்டின் நடு 'சி' சுரத்திலிருந்து அதற்கு மேல் வரும் 'சி' அல்லது 'டி' வரை வசதியாக வரும், நாமோ நம் தொண்டைக்கு ஏற்றபடி இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் முணுமுணுக்கும்போது "சத்தமா, சத்தமா" என்போம். உடனே கத்துவார்கள், கழுத்து நரம்பு புடைக்கும். அதற்குப் பதில் ஒன்றிரண்டு சுருதி ஏற்றிப் பாருங்கள்.

ஆக்‌ஷன் பாட்டா, சபைப் பாடலா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. சின்னவர்களுக்குக் கையசைத்துப் பாடுவதுதான் சொல்லை நினைவில் நிறுத்தும். பத்து வயதுக்காரனை அதைச் செய்யச் சொன்னால் அடுத்த வாரம் வயிற்று வலி என்று வரமாட்டான்.

முன்னறிவிப்பு பற்றி ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆராதனையை ஒரே ஒரு சிறுவன் தனிக்குரலில் தொடங்குவான். யார் அந்தச் சிறுவன் என்பது பாடப் போகும் நேரத்தில்தான் அவனுக்கே தெரியும். அது தினமும் பயிற்சி எடுக்கும் பாடகர் குழு, பல பேர் தயாராக நிற்பார்கள். நம் சபையில் ஆராதனை நடுவில் "தம்பி, எழுந்து ஒரு பாட்டுப் பாடேன்" என்பது வேறு ரகம், தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாக, பாடி முடித்ததும் கைதட்டுவதா, ஆமென் சொல்வதா? தட்டினால் ஆராதனை கச்சேரியாகிறது என்பார்கள், தட்டாவிட்டால் அந்த மௌனத்தில் பிள்ளை தப்புச் செய்துவிட்டோமோ என்று ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். கடைசி சரணத்தில் சபையையும் எழுந்து சேர்ந்து பாடச் சொல்லிவிடுங்கள். பாட்டு முடியும்போது எல்லாருமே பாடிக்கொண்டிருப்பதால் யார் யாருக்குத் தட்டுவது என்ற பேச்சே வராது.